உச்சிவெயிலில் விரியும் சிறகு

பழைய கத்தோலிக்க ஆலயங்கள் சிலவற்றின் பீடத்தில் கூழைக்கடா ஒன்றைச் செதுக்கியிருப்பார்கள். தன் அலகால் மார்பைக் கிழித்து, வடியும் இரத்தத்தைக் குஞ்சுகளுக்கு ஊட்டும் தாய்ப்பறவை. சிலுவையில் இரத்தம் சிந்திய கிறிஸ்துவுக்கு அதை அடையாளமாக வைத்தார்கள். 13-ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ் இயற்றியதாகச் சொல்லப்படும் நற்கருணைப் பாடலிலும் இந்தப் பறவை உண்டு.

உண்மையில் எந்தக் கூழைக்கடாவும் மார்பைக் கிழிப்பதில்லை. அதனால் பாடம் பொய்த்துவிடவில்லை. நிஜப் பறவை செய்வது அந்தக் கதையைவிட நம் மனதை ஆழமாகத் தொடக்கூடியது.

திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் அதைப் பார்க்கலாம். 1994-இல் சரணாலயமான இந்த ஊரில் குளத்து மரங்களில் மட்டுமல்ல, வீட்டுப் பக்கத்து மரங்களிலும் பறவைகள் கூடு கட்டுகின்றன. கூழைக்கடாக் குஞ்சு, தாயின் அலகுப்பைக்குள் தலையையே நுழைத்து, அது விழுங்கி வந்த மீனைப் பிடுங்கித் தின்கிறது. விதைக்காத பறவைகளையும் பரமபிதா பிழைப்பூட்டுகிறார் என்று மலைப்பிரசங்கத்தில் வாசிக்கிறோம். அந்தப் போஷிப்பு, நாள் முழுக்க மீன் தேடி அலைந்த ஒரு தாயின் தொண்டை வழியாகத்தான் குஞ்சுக்கு வந்து சேர்கிறது. பிள்ளைகளுக்காக உழைத்து ஓய்ந்த பெற்றோரை நினைக்காமல் இதைப் பார்க்க முடியவில்லை.

அங்கேயே கூடு கட்டும் சங்குவளை நாரையைப் பாருங்கள். இறகு முளைக்காத குஞ்சுக்கு வெயில் ஆகாது. சூரியன் உச்சிக்கு வந்ததும் தாயோ தகப்பனோ வெயிலுக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு சிறகுகளையும் பாதி விரித்து நிற்கும். சூடு தாளாமல் வாயைத் திறந்து மூச்சிரைக்கும், ஆனாலும் நகராது. குஞ்சுகள் அந்த நிழலில் சுகமாகக் கிடக்கும். 91-ஆம் சங்கீதம் சொல்லும் சிறகின் அடைக்கலத்தை நோயிலும் கடனிலும் நம்மில் எத்தனையோ பேர் பற்றிக்கொண்டிருக்கிறோம். நிழலை மட்டுமே கேட்டுப் பழகிவிட்டோம். சிறகின் மேல்பக்கம் வேகிறது என்பதை இந்த நாரைதான் காட்டுகிறது. சிலுவையும் அதுதானே!

கூந்தன்குளத்து மக்களும் குஞ்சுகளைக் காப்பதில் பங்காளிகள். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்துக் காப்பாற்றுகிறார்கள். பறவைகள் மிரளும் என்று பட்டாசு வெடிப்பதில்லை. எச்சம் கலந்த குளத்து வண்டல் அவர்கள் வயலுக்கு உரமாகிறது.

கூடுகளில் குஞ்சுகள் இருக்கும் பருவமும் தவசுகாலமும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. உபவாச நாளொன்றில் சபையாகப் போய்வரலாம். காலைக் குளிர்ச்சியோடு திரும்பிவிடாமல், மதியம் வரை காத்திருங்கள்.