காலையில் மட்டும் கேட்ட ஓசை

புனேயில் டிசம்பர் மாதக் காலைகள் நல்ல குளிரோடு விடியும். கோத்ரூட் பகுதியிலுள்ள எங்கள் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில், அத்தகைய ஒரு காலையில்தான் அந்த ஓசையை முதன்முதலாகக் கேட்டோம். பதினோராண்டுகள் உழைத்த பெட்ரோல் கார். கிளப்பியவுடன் பானட்டுக்கு அடியிலிருந்து ‘டிக், டிக், டிக்’ என்று, தையல் இயந்திரம் ஓடுவதைப் போன்ற ஓர் ஒலி. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதுவும் விரைந்தது. விட்டால் அதுவும் தளர்ந்தது. பத்து நிமிடம் ஓட்டிய பின்னர் மறைந்து போயிற்று.

மறைந்து போனதுதான் தொல்லையாயிற்று. பணிமனை அரைமணி நேரப் பயணத் தொலைவில் இருந்தது. அங்கே போய்ச் சேரும்போது என்ஜின் பரம சாதுவாக ஓடிக்கொண்டிருக்கும். பல் மருத்துவரின் வாசலை மிதித்தவுடன் வலி நின்றுவிடுவதைப் போல. இருமுறை வெறுமனே திரும்பினோம். மூன்றாம் முறை கைப்பேசியில் பதிவு செய்து கொண்டு போனோம். அதைக் கேட்ட மேற்பார்வையாளர், “இது டேப்பெட் ஓசை. டைமிங் செயினும் தேய்ந்திருக்கும். என்ஜினைத் திறந்தாக வேண்டும்” என்று கூறி, 52,000 ரூபாய்க்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்.

அவ்வளவு தொகை எங்கள் சேமிப்புக் கணக்கில் இல்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று போட்டுவைத்த வைப்புத்தொகை இருந்தது. முதிர்வுக்கு இன்னும் ஐந்து மாதங்கள். முன்கூட்டியே முடித்தால் வட்டியில் ஒரு பகுதி குறையும். அதைக் காட்டிலும், எதற்காகச் சேர்த்தோமோ அந்த நாளில் அது இல்லாமற்போகும் என்பதே எங்களை உறுத்தியது. படிவத்தை வாங்கிவந்து மேசைமேல் வைத்தோம். ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

அந்த வாரம் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் காரில் ஏறியது. ஓசை எங்கிருந்து வருகிறது என்பதை அதில் எழுதவில்லை. அதைக் காதால் கண்டுபிடிக்க முயன்று தோற்றிருந்தோம். இரும்பிலும் எஃகிலும் ஒலி விநாடிக்குச் சுமார் 5,000 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. காற்றிலோ சுமார் 340 மீட்டர்தான். ஒரு மூலையில் பிறக்கும் தட்டல் அடுத்த கணமே என்ஜின் முழுவதும் பரவி, எல்லாப் பக்கங்களிலிருந்தும் வருவதைப் போலக் கேட்கிறது. ஆகவே ‘எங்கே’ என்பதை விட்டுவிட்டு, ‘எப்போது’ என்பதைக் குறித்தோம்.

கேட்டும் படித்தும் அறிந்தவற்றைக் கொண்டு ஒவ்வொன்றாக விலக்கினோம். கிளட்சை மிதித்தவுடன் தோன்றும் ஒலி ரிலீஸ் பேரிங்கைச் சுட்டும். மிதித்தவுடன் மறைவது கியர்பாக்ஸின் பேரிங்காக இருக்கலாம். ஏசியைப் போட்டவுடன் எழுந்தால் கம்ப்ரஸரையோ அதன் பெல்ட்டையோ ஐயுறலாம். வண்டி நகரும்போது மட்டும் கேட்டால் அது பெரும்பாலும் என்ஜினே அன்று. சக்கரத்தின் பக்கம் தேட வேண்டும். எங்கள் ஓசை இவற்றில் எதற்கும் அடங்கவில்லை. நின்ற இடத்தில், குளிர்ந்த என்ஜினில் மட்டும் பிறந்தது, மேடேறும்போது உரத்தது.

பின்பு தாளத்தை எண்ணினோம். பதிவை மெதுவாக ஓடவிட்டால் இது எளிது. மானி 1,200 சுற்றுகள் காட்டியபோது, பத்து விநாடியில் ஏறக்குறைய 100 தட்டல்கள். அதாவது நிமிடத்துக்கு 600. கிராங்க்ஷாஃப்ட் இருமுறை சுழன்றால் ஒரு தட்டல். வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டின் வேகமும் அதுவே. பணிமனையாரின் கூற்றை எங்கள் கணக்கே மெய்ப்பித்துவிட்டதை எண்ணிச் சோர்ந்தோம்.

அக்கம்பக்கத்தார் ‘உஸ்தாத்’ என்று அழைக்கும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் நோட்டைப் படித்துக் காட்டினோம். பொறுமையாகக் கேட்டவர், “இரவு வண்டியை இங்கேயே விட்டுச் செல்லுங்கள். காலையில் நீங்கள் வரும்வரை சாவியைத் தொடமாட்டேன்” என்றார். குளிர்ந்த என்ஜினைத் தாமே கேட்க வேண்டும் என்ற எண்ணம் அதுவரை எவருக்கும் தோன்றவில்லை. எங்களுக்குந்தான்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு என்ஜினைக் கிளப்பினார். நீண்ட திருப்புளி ஒன்றின் நுனியை வால்வு மூடியின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்தார். எங்களையும் கேட்கச் சொன்னார். சீரான மெல்லிய சலசலப்பைத் தவிர வேறொன்றுமில்லை. அடுத்து, ஒரு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை எதன்மேலும் படாமல் மெல்ல நகர்த்தினார். (சுழலும் பெல்ட்டின் அருகே தளர்ந்த ஆடையோடு குனியக் கூடாது என்று எங்களைத் தள்ளி நிறுத்தியதையும் சொல்ல வேண்டும்.) எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் அருகே, மூன்றாவது சிலிண்டரின் நேரே வந்ததும் அவர் முகம் மாறியது. குழாய் எங்கள் காதுக்கு வந்தது. ‘டிக்’ என்று இத்தனை நாள் கேட்டது அங்கே ‘ப்சு, ப்சு’ என்று ஒலித்தது. உலோகம் தட்டும் ஓசையன்று அது. காற்று பிதுங்கும் ஓசை.

இருந்தும் அவர் அதோடு நிற்கவில்லை. மூன்றாவது சிலிண்டரின் இன்ஜெக்டர் இணைப்பைச் சில விநாடிகள் கழற்றினார். என்ஜின் குலுங்கியது, ஓசை ஏறக்குறைய அடங்கிவிட்டது. பெட்ரோல் நின்றாலும் டேப்பெட் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். அதன் தட்டல் அடங்காது. எரிந்த புகையின் வீச்சுதான் நின்றுபோகும். ஒவ்வொரு சிலிண்டரும் இரு சுற்றுக்கு ஒருமுறையே புகையை வெளியேற்றுகிறது. எங்களை ஏமாற்றிய தாளம் அதுதான்.

மேனிஃபோல்டைக் கழற்றியபோது கேஸ்கெட்டின் ஓரத்தில் கரிக்கோடு படிந்திருந்தது. அருகிலிருந்த ஸ்டட் ஒன்று ஒடிந்திருந்தது. ஆண்டுக்கணக்கில் காய்ந்து குளிர்ந்து சோர்ந்த இரும்பு. குளிரில் இடைவெளி திறந்து புகை கசிந்திருக்கிறது. சூடேறி உலோகம் விரிந்ததும் இடைவெளி அடைபட்டிருக்கிறது. ஒடிந்த துண்டை வெளியே எடுப்பதற்கே அரைநாள் ஆயிற்று.

எங்கள் பகுதிக் குன்றின்மேல் 1966 முதல் இயங்கிவரும் இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் இருக்கிறது. வாகனங்களின் ஓசையையும் அதிர்வையும் அங்கே கருவிகளால் அளக்கிறார்கள். அதன் அடிவாரத்தில் எங்களுக்கு வாய்த்தது ஒரு முழ ரப்பர் குழாய்.

கேஸ்கெட், ஸ்டட், கூலி எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய். பணத்தைப் பெற்றுக்கொண்ட உஸ்தாத், இனிமேல் இத்தகைய ஓசையைத் தள்ளிப்போட வேண்டாமென்று கண்டிப்பாகக் கூறினார். கசிந்த புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறமும் மணமும் இல்லாத நஞ்சு அது. நெரிசலில் நிற்கும்போது வெளிக்காற்றை உள்ளிழுக்கும் வழியாக வண்டிக்குள் நுழையக் கூடும். அந்த மாதம் சிக்னல்களில் எங்களில் ஒருவருக்கு அடிக்கடி தலைவலி வந்ததுண்டு. அதற்கு இதுதான் காரணம் என்று சொல்ல இயலாது. ஆயினும், ‘பத்து நிமிடத்தில் மறைந்துவிடுகிறதே, பார்த்துக்கொள்ளலாம்’ என்று கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் போய்வந்த காலைகளை அன்றிரவு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

வைப்புத்தொகைப் படிவம் நிரப்பப்படாமலே நோட்டுக்குள் மடிந்து கிடக்கிறது. அதன் பின்பக்கத்தில், உஸ்தாத் பென்சிலால் வரைந்து விளக்கிய மேனிஃபோல்டின் படம் இருக்கிறது.