நாடுகளை ஒப்பிடும் எண்கள்

ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 2024ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியிட்ட மனித மேம்பாட்டு அறிக்கையில் இலங்கை 78ஆம் இடத்தையும், பங்களாதேஷ் 129ஆம் இடத்தையும், இந்தியா 134ஆம் இடத்தையும், நேபாளம் 146ஆம் இடத்தையும், பாகிஸ்தான் 164ஆம் இடத்தையும் பெற்றிருந்தன. இத்தகைய வரிசைகளை மேடைகளிலும், ஏன், பிரசங்கங்களிலுங்கூட எடுத்தாளுவோர் பலர். அவ்வெண்கள் எவ்வாறு பிறக்கின்றன என்று வினவுவோர் சிலரே.

முன்னாளில் ஒரு நாட்டை அளக்கத் தலா வருமானமே கோலாயிருந்தது. நாட்டு வருமானக் கணக்கை வகுத்தோருள் முதன்மையானவராகிய சைமன் குஸ்நெட்ஸ் தாமே, அதனைக் கொண்டு மக்களின் நல்வாழ்வை அளவிடலாகாதென 1934இல் எச்சரித்திருந்தார். எச்சரிக்கையை உலகம் பொருட்படுத்தவில்லை. 1990இல் பாகிஸ்தானியப் பொருளியலறிஞர் மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென் முதலானோரின் துணையுடன், ஆயுட்காலம், கல்வி, வருமானம் ஆகிய மூன்றையும் ஒரே எண்ணாக்கும் முறையை அளித்தார். இதில் வருமானம் அப்படியே கூட்டப்படுவதில்லை. தலா வருமானம் ஆயிரம் டாலரிலிருந்து இரண்டாயிரமாவதும், பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரமாவதும் சம முன்னேற்றமாகவே கொள்ளப்படும். விலைவாசி வேறுபாடும் சரிசெய்யப்படுகிறது. ஒரு டாலருக்குரிய ரூபாயைக் கொண்டு குழித்துறையில் வாங்கும் மரச்சீனிக்கு ஈடான உணவை அமெரிக்காவில் ஒரு டாலருக்கு வாங்கவியலாதன்றோ?

இனி இலங்கையை நோக்குவோம். மேற்கூறிய 78ஆம் இடம் 2022ஆம் ஆண்டின் விவரங்களுக்கு உரியது. அவ்வாண்டு ஏப்ரலில்தான் அந்நாடு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திற்று. எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டே வெளியேறினார். அவ்வாறாயின் அந்த எண் பொய்யோ? அன்று. 1945 முதல் வழங்கப்பட்ட இலவசக் கல்வியும், அதனோடு வளர்ந்த பொது மருத்துவமும் மக்களுக்கு ஈந்த பயன் ஓராண்டில் அழிந்துவிடுவதில்லை. கடனை அளப்பது இவ்வெண்ணின் வேலையன்று, அவ்வளவே. சராசரிக்குள் மறைந்திருப்போர் செய்தி இதனினும் கவலைக்குரியது. மலையகத் தோட்டத் தமிழருள் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். தோட்டப் பள்ளிகளை அரசு தன் பொறுப்பில் ஏற்றது 1970களிலேதான். இலங்கையின் உயர்ந்த எழுத்தறிவைப் புகழ்ந்தோர் அக்காலத்தில் இவர்களை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்தியாவின் சராசரியும் இத்தன்மையதே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு இந்தியாவில் 73 விழுக்காடு, தமிழ்நாட்டில் 80, தருமபுரி மாவட்டத்தில் 68.5, நமது கன்னியாகுமரி மாவட்டத்திலோ ஏறத்தாழ 92. ஒரே மாநிலத்தில் இத்துணை வேறுபாடு ஏன்? 1956 நவம்பர் முதல் நாள் வரை விளவங்கோடு உள்ளிட்ட நமது தாலுகாக்கள் திருவிதாங்கூரையும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியையும் சார்ந்திருந்தன. தொடக்கக் கல்வியின் செலவை அரசே ஏற்குமென ராணி கௌரி பார்வதிபாய் 1817இல் பிறப்பித்த ஆணையும், அக்காலமுதல் மிஷனெரிகள் நிறுவிய பள்ளிகளும் இதற்கு முன்னின்ற காரணங்கள். நாடுகளை ஒப்பிடுங்காலும் இன்றைய எல்லைக்கோட்டுக்குள் மட்டும் காரணம் தேடுதல் தகாது.

சொற்களின் பொருளும் நாட்டுக்கு நாடு மாறும். நமது கணக்கெடுப்பு ஏழு வயது முதலுள்ளோரின் எழுத்தறிவைக் கூறுகிறது. உலக அட்டவணைகள் பெரும்பாலும் பதினைந்து வயது முதலுள்ளோரையே கொள்கின்றன. அடிக்குறிப்பைப் படியாமல் இரண்டையும் அருகருகே வைப்பவர் படியையும் பக்காவையும் ஒன்றெனக் கொள்கிறார்.

வருமானத்திலும் இத்தகைய சிக்கலொன்று உண்டு. அது நம் பகுதிக்கு மிக நெருங்கியது. வளைகுடா நாடுகளில் ஓராண்டோ அதற்கு மேலோ தங்கி உழைப்பவர், கணக்கு முறைப்படி, அந்நாட்டில் வாழ்பவராகவே கருதப்படுவார். அவர் வீட்டிற்கு அனுப்பும் பணம் இந்தியாவின் தேசிய வருமானத்தில் சேர்வதில்லை; நன்கொடைபோன்று வேறொரு தலைப்பில் வைக்கப்படுகிறது. குழித்துறையிலும் மார்த்தாண்டத்திலும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும் வீட்டின் கூரையும் எத்தனையோ குடும்பங்களுக்கு அத்தலைப்பிலிருந்தே வந்தவை.