சாதனங்களும் பக்க அட்டவணைகளும்

கணினியின் வலையமைப்பு அட்டை மையச் செயலியின் தலையீடின்றியே நினைவகத்தில் எழுதவல்லது. லினக்ஸ் கேர்னலில் அவ்வுரிமைக்கு எல்லை வகுப்பது, உள்ளீட்டு-வெளியீட்டு நினைவக முகாமை அலகு வாசிக்கும் பக்க அட்டவணையாகும்.

சாதன இயக்கியின் வேண்டுகோளால் பதிவொன்று அழிக்கப்பட்ட பின்னரும், பழைய முகவரி வன்பொருளின் பதுக்கு நினைவகத்தில் எஞ்சக்கூடும். அதனைத் துடைக்குமுன் அப்பக்கம் வேறொருவருக்கு வழங்கப்படின், அவருடைய தரவைச் சாதனம் சிதைக்க இயலும். அட்டவணை அமைந்த பக்கமே முந்தி விடுவிக்கப்படின் கேடு பெரிது. இன்டெல் வன்பொருளில் 4096 பைற் கொண்ட அட்டவணையொன்றில் 512 பதிவுகள் உள; பின்னர் அங்கு எழுதப்படும் எதனையும் வன்பொருள் முகவரியெனவே கொள்ளும்.

ஆகவே அழித்தல், துடைத்தல், விடுவித்தல் என்னும் வரிசை அட்டவணைக்குப் பிறழலாகாது. தரவுப் பக்கங்களுக்கோ, விரைவு கருதித் துடைத்தலைப் பிற்போடும் முறையும் லினக்சில் உண்டு. அவ்விடைவெளியில் காவல் தளர்கிறது. நாம் இதனை அறிந்தே விரைவைத் தேர்தல் வேண்டும்.