வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி அமைக்கும் முறை

கடற்பாறைகளை அண்டி வாழும் வண்ண மீன்களை வீட்டில் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் விருப்பம் நம் நாட்டிலும் பரவி வருகிறது. ஆயினும் முதன்முறை தொட்டி வைப்போரில் பலர், பத்துப் பதினைந்து நாட்களுக்குள் மீன்களையெல்லாம் இழந்து, உப்பு ஜலம் தம் வீட்டுக்கு ஒவ்வாதென்று தொட்டியைக் கவிழ்த்துவிடுகின்றனர். பெரும்பாலும் இந்நஷ்டத்துக்குக் காரணம் உப்புமன்று, வியாதியுமன்று, அவசரமே. நிலத்தைப் பண்படுத்தாமல் விதை தெளித்த குடியானவனுக்கு நேருவதே இவர்களுக்கும் நேருகிறது.

தொட்டியும் இடமும்.— தொட்டி சிறிதாயிருந்தால் செலவு குறையுமென்று நினைப்பது தவறு. ஜலம் குறைவாயிருப்பின் உஷ்ணமும் உப்பும் விரைவில் மாறும். மூன்றடி நீளமும், ஒன்றரையடி அகலமும், ஒன்றரையடி உயரமும் உள்ள தொட்டி முதல் முயற்சிக்கு ஏற்றது. இதில் சுமார் 160 லிட்டர் ஜலம் நிற்கும். கல், மணல், கண்ணாடி யாவும் சேர்ந்து 200 கிலோவுக்கு மேல் எடையாகுமாதலால், தாங்கும் பீடம் உறுதியாயிருத்தல் வேண்டும். நேர் வெயில் படும் ஜன்னலோரம் ஆகாது. மின்சாரக் கம்பிகளைச் சற்றுத் தாழத் தொங்கவிட்டு, பிறகு மேலேற்றிச் செருக வேண்டும். இல்லையேல் கம்பி வழியே வழியும் உப்பு ஜலம் மின்செருகியில் இறங்கி அபாயம் விளைவிக்கும்.

ஜலமும் உப்பும்.— சமையல் உப்பைக் கரைத்தால் கடல் ஜலம் ஆகாது. கடல் ஜலத்தில் மக்னீசியம், கால்சியம் முதலிய பல உப்புகளும் உள. ஆகையால் இதற்கென விற்கப்படும் கலவை உப்பையே, லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம், சுத்திகரித்த ஜலத்தில் கரைத்து, ஒரு நாள் முழுவதும் கலக்கிவிட வேண்டும். ஹைட்ரோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 காட்டுவது சரியான அளவு. கடற்கரையில் வசிப்போர் கடல் ஜலத்தையே கொணரலாம். ஆனால் ஆற்று முகத்துவாரத்திலும், துறைமுகத்திலும், சாக்கடை கலக்குமிடத்திலும் எடுத்தல் கூடாது. செம்புக் குடத்தையோ பித்தளை அண்டாவையோ இவ்வேலைக்கு உபயோகிக்கலாகாது. செம்பு சிறிதளவு கரைந்தாலும் இறால், நத்தை போன்ற ஜந்துக்கள் மடியும்.

ஜலம் பக்குவமாதல்.— இதுவே முக்கியமான கட்டம். மீனின் கழிவிலிருந்தும், மிஞ்சிய இரையிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. கடல் ஜலம் காரத்தன்மை உடையதாதலால் அதில் அமோனியாவின் விஷம் அதிகம். புஞ்சை நிலத்தில் அமோனியம் சல்பேட் உரம் இட்டால், மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றுவதைக் குடியானவர்கள் கேட்டறிந்திருப்பர். அத்தகைய பாக்டீரியாக்களே தொட்டியிலும் மீனைக் காப்பாற்றுகின்றன. அவை கல்லின் துவாரங்களிலும் மணலிலும் படிந்து பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் செல்லும்.

ஆகவே, முதலில் மீனை விடாமல், கல்லும் மணலும் இட்டு, மோட்டார் கொண்டு ஜலத்தை இடைவிடாது ஓடச்செய்து, உரித்த இறால் துண்டு ஒன்றைப் போட்டுவைக்க வேண்டும். இறால் அழுகியதும் அமோனியா ஏறும்; அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும்; பின்னர் அதுவும் இறங்கும். பரீட்சைத் திராவகத்தால் சோதிக்கையில் இவ்விரண்டும் பூஜ்யமாகி, நைட்ரேட் மட்டும் காணப்படுமாயின் தொட்டி பக்குவமாயிற்றென அறியலாம். ஜலம் கண்ணுக்குத் தெளிவாயிருப்பதை நம்பி மீன் விடலாகாது. அமோனியாவுக்கு நிறம் இல்லை.

கற்கள்.— துவாரங்களுடன் சுட்ட மண்ணாலோ சிமெண்டாலோ செய்த கற்கள் போதுமானவை. சிமெண்டுக் கற்களைப் பல வாரம் ஜலத்தில் ஊறவைத்து, அடிக்கடி ஜலத்தை மாற்றி, காரத்தை நீக்கிய பின்னரே இடவேண்டும். கடலிலிருந்து பவளக்கல்லை எடுத்து வருதல் அறவே கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் பாறை கட்டும் பவளங்கள் 2001-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டன. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றமாகும். மன்னார் வளைகுடாவில் முற்காலத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளக்கல் வெட்டப்பட்டது. அலையைத் தடுத்து நின்ற பாறை குறையவே கரைகள் அரிக்கப்பட்டன. 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில், பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டும் இன்று ஜலத்துக்குள் அமிழ்ந்துள்ளன. ஒரு வீட்டின் அலங்காரத்துக்காகக் கடலின் வேலியைப் பிடுங்குதல் தகாது.

மீன்கள்.— முதலில் இரண்டு கோமாளி மீன்கள் போதும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இம்மீனைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையை வகுத்துள்ளனர். அவ்வாறு பொரிப்பகத்தில் பிறந்தவற்றையே கேட்டு வாங்குதல் நலம். அவை தொட்டி வாழ்வுக்கும் இரைக்கும் பழகியவை. கடற்சாமந்தி இல்லாமலும் அவை செழித்து வாழும். வாங்கி வந்த பையைக் கால் மணி நேரம் தொட்டி ஜலத்தில் மிதக்கவிட்டு, பிறகு தொட்டி ஜலத்தைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்துப் பழக்கிய பின் மீனை விடவேண்டும். அடுத்த மீனுக்குச் சில வாரம் பொறுத்திருக்க வேண்டும்.

அன்றாடக் கவனிப்பு.— இரண்டு மூன்று நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவே இரை இடுக. ஆவியாய்க் குறைந்ததற்கு நல்ல ஜலமே ஊற்றுக; ஆவியாவது ஜலமேயன்றி உப்பு அன்று. உப்பு ஜலம் ஊற்றினால் நாளுக்கு நாள் உப்பு மிகும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு ஜலத்தை எடுத்துவிட்டு, புதிதாய்க் கலந்த உப்பு ஜலம் விடுக. வடிகட்டியைக் குழாய் ஜலத்தில் கழுவினால், அதிலுள்ள குளோரின் நன்மை செய்யும் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த ஜலத்திலேயே அலசுக. உஷ்ணம் 25 முதல் 27 டிகிரி வரை இருப்பது உத்தமம். கோடையில் ஜலப்பரப்பின்மீது சிறு விசிறி வீசச்செய்தால் இரண்டொரு டிகிரி இறங்கும். மின்சாரம் தடைப்படும் வேளைக்குப் பாட்டரியால் இயங்கும் காற்றுப்பம்பு ஒன்று கைவசம் இருத்தல் அவசியம்.

தொட்டி, மோட்டார், உப்பு ஆகியவற்றுக்குப் பணம் செலவாகும். முதல் ஆறு வாரத்துக்கோ பொறுமையே செலவு. அதைச் செலவிடுவோர் வீட்டில் மீன் நிலைக்கும்.