குடிநோயர் கூட்டம் நாடுவோர்க்கு

உதகை, மைசூர், கேரளச் சாலைகள் கூடும் கூடலூரில் எங்கும் தெரிந்த முகங்களே. ஆதலின் குடியை விடக் கருதுவோர்க்கு நாணமே பெருந்தடை என்பது எம் கருத்து. 1935-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடிநோயால் நலிந்த பில் என்பாரும் பாப் என்னும் மருத்துவரும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் சங்கம் இத்தடைக்கு நல்ல மருந்து. குடித்து மீண்டவன் சொல்லையே குடிப்பவன் செவிமடுப்பான் என்பது அவர்கள் கண்ட உண்மை. அங்குக் கட்டணமில்லை, முழுப்பெயர் வேண்டுவதில்லை, விடும் விருப்பம் ஒன்றே தகுதி. பேச விரும்பாதார் வாளா அமர்ந்து கேட்கலாம். திறந்த கூட்டமாயின் மனைவி மக்களும் உடன் வரலாம். இடமும் கிழமையும் சங்கத்தாரிடமோ மருத்துவரிடமோ வினவி அறிக. உள்ளூரில் கூசுவோர் வேற்றூர்க் கூட்டத்திற்குச் செல்லத் தடையில்லை. நெடுநாள் மிகக் குடித்தவர் திடீரென நிறுத்தின் நடுக்கமும் வலிப்பும் நேரக்கூடும், உயிர்க்கே இடருண்டு. அன்னோர் அரசின் 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் வழி கேட்டு முதற்கண் மருத்துவரைக் காண்க. கூட்டம் அதன் பின்னர்.