மஞ்சள் கண்ணுக்கு மதுதான் காரணமா?



ஒரு பெண்ணின் கண் மஞ்சளாகிவிட்டால் லயத்தில் பேச்சு கிளம்பிவிடும்: "குடிச்சிருப்பா", "ஒட்டிக்கும், தட்டைத் தனியா வை!" ஆனால் சம்சுவைத் தொட்டே பார்க்காதவருக்கும் கல்லீரல் கெடலாம். கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படையே வழிதவறி ஈரலைத் தாக்குவதுண்டு. இது ஒட்டுவதில்லை. 1950-இல் சுவீடன் டாக்டர் வால்டன்ஸ்ட்ரோம் இதை இளம் பெண்களிடம் கண்டு சொன்னார். இன்றும் பெண்களுக்கே அதிகம் வருகிறது.

பல சமயம் இது தனியாக வருவதில்லை. தைராய்டு கோளாறுகள் சில, மூட்டை வீங்கவைக்கும் ருமட்டாய்டு வாதம், சிறு வயதில் வரும் நீரிழிவு ஆகியவையும் அதே காவற்படையின் வேலைதான். ஆகவே தைராய்டு மாத்திரை சாப்பிடும் அம்மா, "பால்மரம் வெட்ட முடியல, ஒரே அசதி" என்றால், வயசாச்சு என்று விட்டுவிடாதீர்கள். ஈரலுக்கும் இரத்தம் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பிரெட்னிசோலோன், அசாதியோபிரின் மாத்திரைகள் பெரும்பாலோருக்கு நோயை அடக்கும். உடம்பு தேறிடுச்சு என்று நீங்களாகத் திடீரென நிறுத்துவது ஆபத்து. கீழாநெல்லியை மட்டும் நம்பி நாளைக் கடத்தினால் ஈரல் சுருங்கிப்போகலாம்.

பழி சொல்லும் முன், கிளினிக்குக்குத் துணையாகப் போங்கள்!