முரண்நகையும் எச்சமும்

சொல்லும் பொருளுக்கும் கொள்ளும் பொருளுக்கும் இடையே தோன்றும் மாறுபாட்டை முரண்நகை என்பர் இக்காலத் திறனாய்வாளர். இதனை வஞ்சப்புகழ்ச்சி என்று பெயரிட்டு அமைவாரும் உளர். புகழ்வது போலப் பழித்தலையும் பழிப்பது போலப் புகழ்தலையும் இலேச அணியுள் அடக்குவார் உளர் எனத் தண்டியலங்காரம் கூறும். தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இருவகைப்படுத்தும். எனினும், கூறியதற்கு மறுதலையாகக் கருதுவதே முரண்நகை என்னும் விளக்கம் போதுமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

கயமை அதிகாரத்துள் 1073ஆம் குறள் கயவரைத் தேவரோடு ஒப்பிடுகின்றது. மனம் போனவாறு நடத்தல் என்னும் ஏதுவைக் கேட்ட அளவில், புகழ் பழியாகிவிடுகின்றது. முரணை உணர்த்தும் குறிப்புச் செய்யுளுக்குள்ளேயே உளது. இதற்கு அவ்விளக்கம் பொருந்தும்.

புறநானூற்று 95ஆம் பாட்டின் இயல்போ வேறு. அதியமானின் தூதாகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான் என்பது பாட்டின் கீழ் அமைந்த பழங்குறிப்பு. ஈண்டுள்ள படைகள் பீலியும் மாலையும் நெய்யும் பெற்று அரண்மனைக் காவலில் உள்ளன. எம் தலைவன் வேல்களோ பகைவர்மேற் பாய்ந்து சிதைந்து கொல்லன்பால் உள்ளன என்பது அவர் கூற்றின் கருத்து. இவற்றுள் பொய் யாதுமில்லை. மறுதலைப் பொருள் கொள்ளவும் இடமில்லை. மாறுவது பொருளன்று, மதிப்பு. பொலிவு போர் காணாமைக்கும் சிதைவு போர் பயின்றமைக்கும் சான்றாகின்றன. இம்முடிபை ஔவையார் வாய்விட்டுக் கூறவில்லை. கேட்டவனே உய்த்துணர விட்டார். தூதின் வரம்பும் கடக்கப்படவில்லை. சினந்து மறுக்கத் தொண்டைமானுக்கு ஒரு சொல்லும் அகப்படவில்லை.

பழங்குறிப்புத் தொகுத்தோர் சேர்த்ததாயின் முரண்நகை நிலைபெறுமோ எனின், நிலைபெறும். அண்மைச் சுட்டும் சேய்மைச் சுட்டும் இருதிறத்துப் படைகளை எதிரெதிர் நிறுத்துகின்றன. இறுதியில் தம் கோமானைப் போற்றுதல் புலவர் எப்பக்கத்தார் என்பதைக் காட்டுகின்றது. கேட்போன் யாவன், களன் யாது என்பன மட்டுமே குறிப்பினால் தெளிவாகின்றன.

கூற்று, கேட்போர், களன், எச்சம் ஆகியவற்றைத் தொல்காப்பியர் செய்யுள் உறுப்புக்களாக எண்ணினார். முதல் மூன்றும் கூடி நான்காவதைப் பிறப்பிக்கும் இடமே முரண்நகை பிறக்கும் இடம். ஆதலின், அணியின் பெயரைச் சுட்டுவதோடு அமையாது, சொல்லாது விடப்பட்டது யாது, அதனை யார் நிரப்புகின்றார் என வினவுதலே முரண்நகையை ஆராயும் நெறியாம் என்க.